தோற்ற வழக்குகளைப் படித்து எங்கள் ஓடையைத் திறந்த வழக்கறிஞர் எலிசபெத் அம்மையாருக்கு ஓடைமேட்டுக்குப்பத்தார் மடல்

ஏரிக்கரைச் சட்ட உதவி மையத்தின் ஏந்தலே! வாய்தாவுக்கு வாடாத வழக்கறிஞரே! பொன்னேரியில் நாங்கள் பார்த்த கறுப்பு அங்கிகளில் எங்கள் குப்பத்துச் சேற்றில் முழங்கால் வரை இறங்கிய முதல் அங்கியே! பணி நிறைவு பெறும் இந்நன்னாளில் ஓடைமேட்டுக்குப்பம் ஊராரின் வணக்கம்.

இம்மடலில் 'கருணைக் கடலே' என்று ஓரிடத்திலாவது வர வேண்டும் என்று அச்சகத்தில் சொன்னார்கள். நாங்கள் கடலோரத்தில் தொழில் செய்கிறவர்கள். கடலுக்குக் கருணை கிடையாது, உங்களுக்கு உண்டு. ஆகவே அந்த வரியை எடுக்கச் சொல்லிவிட்டோம். 'சட்டப் புலியே' என்பதையும் எடுத்தாயிற்று. புலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எவன் தன் கஷ்டத்தைச் சொல்வான்? மீதியில் உண்மை மட்டும் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவும் இருக்கிறது. பொறுத்தருள்க.

ஓடையின் கதை அறிந்த உத்தமியே!

உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் மாலை போட வந்திருக்கும் பெரியவர்களுக்குத் தெரியாது. எங்கள் குப்பத்திலிருந்து பழவேற்காடு ஏரிக்குள் படகு போக இருப்பது ஒரே ஓர் ஓடை. அதன் வாயில் வெளியூர் இறால் பண்ணைக்காரர் ஒருவர் மண்கரை போட்டு, அதன்மேல் முள்வேலியும் போட்டார். அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் படகை மண்கரை வரை ஓட்டி, இறங்கி, தோள் கொடுத்துத் தூக்கி, அந்தப் பக்கம் விட்டுவிட்டுத்தான் வலைக்குப் போனார்கள். இறாலைவிட இடுப்பு வலிதான் அதிகம் கிடைத்தது. கரை அப்படியே நின்றால் ஊரே தொழிலை விட்டுவிட்டு மீஞ்சூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்கு ரயிலேற வேண்டியதுதான் என்ற நிலை.

அதனால் கங்காதரனின் பேரில், ஊருக்காக, வழக்குப் போட்டோம். கங்காதரனைப் பற்றிச் சபைக்குச் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எடைபோடும் வியாபாரியையும் நம்பமாட்டார், தராசையும் நம்பமாட்டார், தன் கண்ணையே இரண்டு முறை கசக்கிவிட்டுத்தான் நம்புவார். அப்படிப்பட்டவர் வாதியாக இருந்தும் அந்த வழக்கு தள்ளுபடியானது. 'வாதி ஆஜராகவில்லை' என்று உத்தரவில் எழுதியிருந்தது. அதைக் கேட்டதும் அவருக்கு வந்த கோபம் ஏரி கொள்ளாது. வேறு வக்கீலைப் பார்க்கலாம் என்று ஊரில் முடிவாகி, அனுப்பம்பட்டில் ரயிலேறி, உங்கள் மையத்துக்கு வந்து சேர்ந்தார்.

தோல்விகளைத் தொகுத்த தூயவரே!

அவர் வந்தபோது நீங்கள் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவருடைய கதையைக் கேட்கவில்லை. வழக்கு எண்ணை மட்டும் கேட்டு, தட்டி, தள்ளுபடி உத்தரவை நீங்களே எடுத்துப் படித்துவிட்டீர்கள். அது அவருக்கு அறவே பிடிக்கவில்லை.

"எங்க கேசு உங்க பொட்டிக்குள்ள எப்படி வந்துச்சு? யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கல அண்ணே. கோர்ட்டே தெனமும் உத்தரவ நெட்ல போடுது. யாரு வேணும்னாலும் பாக்கலாம்."

"அப்ப அந்தப் பண்ணைக்காரனும் பாப்பானா?"

"பாப்பாரு."

"அப்புறம் இன்னாத்துக்கு நான் கதவ சாத்திட்டு உக்காந்து பேசினு கீறேன்?" என்று எழுந்து கதவைத் திறந்து வைத்தார் கங்காதரன்.

எங்கள் வழக்கைத் தொடும் முன் நீங்கள் செய்த வேலை எங்களுக்கு அப்போது புரியவில்லை. ஓடையை அடைத்தான், வாய்க்காலை மறித்தான், வண்டிப்பாதையில் வேலி போட்டான் என்று சுற்று வட்டாரக் கோர்ட்டுகளில் இத்தனை ஆண்டுகளாக நடந்த வழக்குகளை எல்லாம் இணையத்திலிருந்து இறக்கி, ஒவ்வொன்றையும் உத்தரவு உத்தரவாகப் படித்தீர்கள். முதலில் என்ன கேட்டார்கள், எத்தனை வாய்தா போனது, யார் வரவில்லை, இடத்தைப் பார்க்கக் கோர்ட் அனுப்பும் ஆணையர் எந்த மாதம் போனார், முடிவு என்ன என்று கட்டம் போட்டு அடுக்கினீர்கள். நாங்கள் வலையிலிருந்து இறாலைக் கொட்டி, அளவு வாரியாகப் பிரிப்போம். அதைத்தான் நீங்கள் வழக்குகளுக்குச் செய்தீர்கள் என்பது பிறகு புரிந்தது.

அடுத்த முறை வந்த கங்காதரனிடம் மறைக்காமல் சொன்னீர்கள், இந்த மாதிரி வழக்குகளில் பத்துக்கு ஆறு தோற்றிருக்கிறது என்று.

"அத சொல்றதுக்கா இத்தினி நாளு? இன்னாம்மா, கோர்ட்டுக்கு ஜாதகம் பாக்கறீங்களா?"

"ஜாதகம்னா நடக்கப்போறத சொல்லணும். நான் நடந்து முடிஞ்சதத்தான் சொல்றேன். அந்த ஆறும் ஏன் தோத்துச்சுன்னு பாத்தேன் அண்ணே. சட்டத்தால தோத்தது கம்மி. இடத்த பாக்க கோடைல ஆள கூட்டினு போயிருக்காங்க. தண்ணி இல்ல. 'ஓடை எதுவும் காணப்படவில்லை'ன்னு எழுதிட்டு வந்துட்டாரு. அது ஒண்ணு. இன்னொண்ணு, வாதியே வரல. ஏரி ஓரத்து ஊருங்கள்ளதான் இது ரொம்ப அதிகம். ஏன்னு எனக்குப் புரியல. கேஸ் போட்டுட்டு ஏன் வராம போறீங்க?"

கங்காதரன் மேசையைத் தட்டினார். "யாரு வரல? ஒரு வாய்தா வுடல நாங்க! மொறை வச்சு ஆளு அனுப்பிச்சோம்!"

"மொறையா?"

அப்போதுதான் அந்த விஷயம் வெளியே வந்தது. எங்கள் ஏரியில் வலை இறக்கும் இடங்களுக்குப் பாடு என்ற முறை உண்டு. நல்ல இடம் ஒருவனுக்கே போகக் கூடாது என்று சீட்டுப் போட்டு, நாள் வைத்து, மாறி மாறி இறக்குவோம். கோயில் காரியமானாலும் சரி, கரைக் காவலானாலும் சரி, எங்களுக்கு எல்லாமே முறைதான். கோர்ட்டையும் அப்படியே நடத்தினோம். ஒரு வாய்தாவுக்கு ஒரு வீடு. முறைக்காரன் வெள்ளை வேட்டி கட்டிப் போய், கங்காதரன் பேரைக் கூப்பிட்டதும் கை தூக்கி 'ஆஜர்' என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வருவான். வாதியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய நாள் குறித்த அன்றும், அதற்கு அடுத்த தடவையும், அதற்கு அடுத்த தடவையும், கங்காதரன் ஏரியில் இருந்தார், ஊர்க்காரன் ஒருவன் கோர்ட்டில் இருந்தான். ஊர்தானே வழக்குப் போட்டது, ஊரில் யார் போனால் என்ன என்று நினைத்தோம்.

நீங்கள் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருந்ததற்கே தனி மடல் கொடுக்கலாம். கணினியில் அந்தக் கட்டங்களை மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப மத்த ஊருங்களும் இப்படித்தான் அண்ணே தோத்திருக்கு. அக்கறை இல்லாத ஜனம்னு நான் இத்தன நாளா தப்பா படிச்சிருக்கேன்" என்றீர்கள்.

பொறுக்கச் சொன்ன பொறுமைசாலியே!

தள்ளுபடியான வழக்கை மறுபடி எடுக்கும் மனுவை உடனே போட்டீர்கள். ஆனால் ஆணையரை அனுப்பக் கேட்கும் மனுவை ஐப்பசி வரை போடக் கூடாது என்றீர்கள். மழை இறங்கி ஓடையில் தண்ணீர் நிற்கும்போதுதான் கோர்ட் ஆள் வந்து பார்க்க வேண்டும் என்பது உங்கள் கணக்கு. கரையை உடனே இடிக்கச் சொல்லி இப்போதே கேட்டால், அப்படிக் கேட்டவர்களெல்லாம் வாய்தாவிலேயே வருஷங்களைக் கழித்திருக்கிறார்கள் என்றும் சொன்னீர்கள்.

ஊர் கொதித்தது. கோடை முழுவதும் படகைத் தோளில் தூக்க வேண்டுமா? கங்காதரனுக்கு வேறொரு சந்தேகமும் முளைத்தது. பண்ணைக்காரன் உங்களை விலைக்கு வாங்கிவிட்டானோ என்று. சந்தேகம் வந்தால் அவர் சும்மா இருக்கமாட்டார். உங்கள் மையத்துக்கு எதிரே உள்ள டீக்கடை ஓரம் போய் நின்று, யார் யார் உள்ளே போகிறார்கள் என்று பார்த்தார். மறுநாளும் போய் நின்றார். அதற்கும் மறுநாள் டீக்கடைக்காரர் ஒரு டீயை நீட்டினார்.

"நான் கேக்கலியே?"

"வக்கீலம்மா அனுப்பிச்சாங்க. வெயில்ல நிக்க வேணாமாம். உள்ள வந்து ஃபேனுக்கு கீழ உக்காந்து சந்தேகப்படச் சொன்னாங்க."

டீயைக் குடித்தார். உள்ளே போனார். அன்று பிற்பகல் முழுக்க ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து உங்களைச் சந்தேகப்பட்டார். வந்தவர்களெல்லாம் எங்களைப் போன்றவர்களாகவே இருந்தார்கள். அவர்களிடமும் நீங்கள் இதேபோலப் பொறுக்கத்தான் சொன்னீர்கள், இதேபோலத் திட்டுத்தான் வாங்கினீர்கள். சாயங்காலம் எழுந்தவர், "சரி, ஐப்பசி" என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு நடந்தார்.

ஊர்முறை உணர்ந்த உயர்ந்தவரே!

அதைவிடப் பெரிய வழக்கு எங்கள் ஊர்க்கூட்டத்தில் நடந்தது. இனி ஒவ்வொரு வாய்தாவுக்கும் கங்காதரனே போக வேண்டும் என்றீர்கள். அவர் போனால் அவருடைய பாடு தவறும். எங்கள் ஏரியில் தவறிய பாடு அடுத்தவனுக்குப் போய்விடும், திரும்பக் கிடையாது. வீட்டில் சாவு விழுந்தாலும் முறை காத்திருக்காது. ஊருக்காகக் கோர்ட்டுக்குப் போகிறவன் வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்றால் எவன் போவான்? கங்காதரன் வெளிப்படையாகவே சொன்னார், "ஊருக்குனு பேர குடுத்தேன். வயித்த குடுக்கல."

கூட்டத்துக்கு நீங்களும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தீர்கள். தலைவர் இளங்கோவன் உங்கள் கருத்தைக் கேட்டார். எழுந்து இவ்வளவுதான் சொன்னீர்கள்: "உங்க மொறைய மாத்தச் சொல்ல நான் யாரு? ஆனா உங்க மொறை கோர்ட்டுக்குத் தெரியாது. கோர்ட்டுக்குப் பேரு மட்டும்தான் தெரியும்."

"கோர்ட்டுக்குனு பாட்ட நிறுத்தி வச்சா, நாளைக்கு மச்சினி கல்யாணத்துக்கு நிறுத்தி வைன்னு ஒருத்தன் வருவான்" என்றார் இளங்கோவன்.

கூட்டத்துக்கு வெளியே கூடையோடு நின்றிருந்த குப்பம்மா, கங்காதரனின் மனைவி, அங்கிருந்தபடியே குரல் கொடுத்தார். "மச்சினி கல்யாணத்துக்கு சீர்வரிச வாங்கறதுக்கும் எறா விக்கணும் தலைவரே! ஓடை போச்சுன்னா எந்த எடத்துக்கு மொறை வைப்பீங்க? சேத்துக்கா?"

வாய்தா நாளில் கங்காதரனுக்குப் பாடு வந்தால் அடுத்த முறைக்காரன் அவருக்காக வலை இறக்கி, கிடைத்ததை அவர் வீட்டில் சேர்க்க வேண்டும் என்று முடிவானது. எங்கள் பாட்டன் காலத்திலிருந்து மாறாத முறை அன்று மாறியது. கங்காதரன் மட்டும் மாறவில்லை. வீடு வந்து சேர்ந்த இறாலைப் பார்த்து 'இவ்ளோதானா?' என்று கேட்காத வாய்தா நாள் கிடையாது.

சேற்றில் இறங்கிய செம்மலே!

அதற்குள் எங்கள் வழக்கைக் கோர்ட் மறுபடி எடுத்துக்கொண்டிருந்தது. ஐப்பசியில் ஆணையரை அனுப்பக் கேட்டு மனுப் போட்டீர்கள். ஆணையராக வழக்கறிஞர் ஹரிஹரன் அவர்களைக் கோர்ட் நியமித்தது. அவர் வரக் குறித்த நாளோ மழை ஏமாற்றிய நாள். ஓடையில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை. கங்காதரன் விடிந்ததும் உங்களுக்குப் போன் போட்டு, "இத்தினி மாசம் எங்கள தூக்க வச்சியே, உன் பொட்டி மழைய சொல்லலியா?" என்று கத்தினார். மரியாதை போய்விட்டது. நீங்கள் கோபிக்கவில்லை.

"மழைய அது சொல்லாது அண்ணே. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா மொதல்ல குறிச்ச தேதியில பார்வையிடறது நூத்துல ஒண்ணுதான் நடந்திருக்கு. பாக்கலாம்."

அப்படியே நடந்தது. எதிர்த்தரப்பு வக்கீலே வேறு தேதி கேட்டார். கார்த்திகைக்குப் போனது. கார்த்திகையில் மழை தன் பாக்கியை மொத்தமாகக் கொட்டியது. ஹரிஹரன் வந்த அன்று ஓடை நெஞ்சளவு. நீங்களும் அவரும் பண்ணை வக்கீலும் எங்கள் படகில் ஏறினீர்கள். கங்காதரன் கழி ஊன்றித் தள்ளினார். படகு தடையில்லாமல் போய், மண்கரையில் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது. அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய மட்டும் ஏரி.

"இதுக்கு மேல எப்படிப் போவீங்க?" என்றார் ஹரிஹரன்.

கரையில் காத்திருந்த குப்பம்மா சொன்னார்: "எறங்குங்க சார். நீங்க எறங்கினா நாங்க தூக்குவோம். தெனமும் இதான்."

அவர் இறங்கினார். ஒரு கால் புதைந்து, செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. நீங்கள் புடவையைச் செருகிக்கொண்டு உடனே குதித்து, அவருக்குக் கை கொடுத்தீர்கள், பண்ணை வக்கீலுக்கும் கொடுத்தீர்கள். அதைக் கங்காதரன் பார்த்தார். "எதிராளிக்கு இன்னாத்துக்கு கை குடுத்தீங்க?" என்று திரும்பும் வழியெல்லாம் கேட்டார். "விழுந்து அடிபட்டா அவரு வாய்தா வாங்குவாரு அண்ணே" என்றீர்கள். கங்காதரன் சத்தம் போட்டுச் சிரித்ததை எங்கள் ஊர் அன்றுதான் கேட்டது.

அப்புறம் கூண்டு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று நீங்கள் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். குறுக்கு விசாரணையில், மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காத உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். "அந்தம்மா மூணு தபா படிச்சுக் காட்டுச்சு. நாலாவது தபாவுக்கு எடுத்தப்போ நான்தான் போதும்மான்னேன்" என்றார் கங்காதரன். கோர்ட்டே சிரித்தது. ஆனால் எங்களுக்குத் தெரியும், அது சிரிப்புக்குச் சொன்னதல்ல. அவர் வாழ்நாளில் ஒரு காகிதத்தை அவருக்கு முழுசாகப் படித்துக் காட்டியவர் நீங்கள் ஒருவர்தான்.

தீர்ப்பு வந்தது. கரை வெட்டப்பட்டது. ஏரித் தண்ணீர் உள்ளே வந்த அன்று எல்லாப் படகுகளும் மாலை போட்டுக்கொண்டு வரிசையாக வெளியே போயின. முதல் படகில் உங்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று காத்திருந்தோம். நீங்கள் வரவில்லை. வேறொரு குப்பத்தின் வாதியை முதன்முறையாகக் கூண்டில் ஏற்றும் நாள் என்று சொல்லி அனுப்பினீர்கள். வருத்தப்பட்டோம். குப்பம்மா மட்டும் அந்தக் குப்பத்துக்காரர்களுக்குப் போன் போட்டு, "மொறைக்காரன அனுப்பாதீங்க, ஆள அனுப்புங்க" என்று எச்சரித்தார்.

அன்பு அம்மையீர்!

உங்களிடம் குறையே இல்லை என்று எழுத மாட்டோம். ஸ்கூட்டரை நீங்கள் ஓட்டுவதைப் பார்த்தால் பழவேற்காடு சாலையில் ஆடுகூட ஒதுங்கும். வேகமாகப் பேசுவீர்கள், பாதி புரியாது. ஜெயிப்போமா என்று கேட்டால் ஒரு நாளும் 'ஜெயிப்போம்' என்று சொன்னதில்லை. இத்தனை பேர் ஜெயித்தார்கள், இத்தனை பேர் தோற்றார்கள் என்றுதான் சொல்வீர்கள். ஆறுதல் தேடி வந்தவனுக்கு அது கசக்கும். ஆனால் பொய்யான ஆறுதல் சொன்னவர்களை நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம். கசந்தாலும் உண்மையைச் சொன்ன ஒருவரைத்தான் இன்று வழியனுப்புகிறோம்.

உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் வழக்கறிஞர் ஆர்த்திக்கும் ஒரு வார்த்தை. உங்களையும் கொஞ்ச காலம் சந்தேகப்படுவோம். அது எங்கள் பழக்கம். டீக்கடை ஓரத்தில் யாராவது நின்றால் உள்ளே கூப்பிட்டுவிடுங்கள்.

எலிசபெத் அம்மையீர், இனி உங்கள் காலைகள் உங்களுடையவை. கால் வலி குறைந்து, கண் தெளிந்து, பேரப்பிள்ளைகள் சூழ, நிறைந்த ஆயுளோடும் நீங்காத நலத்தோடும் நெடுங்காலம் இருக்க எங்கள் கடலோரத் தெய்வங்களும், நீங்கள் ஞாயிறுதோறும் மண்டியிடும் தேவனும் கூடி நின்று காக்கட்டும். நண்டு தின்ன ஆசை வந்தால் எங்கள் குப்பத்துக்கு வந்துவிடுங்கள். எந்த வீட்டில் சாப்பாடு என்பதற்கு மட்டும் முறை வைப்போம், அதில் சண்டை வராமல் இருக்க.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. இம்மடலைச் சொல்லச் சொல்ல எழுதவைத்து, அச்சகத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி சண்டை போட்டவர் கங்காதரன்தான். இந்த மேடையில் நின்று வாசிக்க வேண்டியவரும் அவர்தான். முன்வரிசையில் தேடாதீர்கள், அவர் வரவில்லை. பண்ணைக்காரர் மேல்முறையீடு செய்திருக்கிறாரே, அதற்கு இன்றைக்கு வாய்தா. மண்டபத்துக்கும் கோர்ட்டுக்கும் நடுவே ஒரு தெருதான். மேல்முறையீட்டுக்கு வாதி நேரில் வர வேண்டியதில்லை, வக்கீல் போதும் என்று ஆர்த்தி எடுத்துச் சொன்னார். ஒரு நாள் போகாவிட்டால் ஒன்றும் ஆகாது, மாலை போட்டுவிட்டு ஓடிவிடு என்று ஊரே சொன்னது. கேட்கவில்லை. காலையிலேயே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். போகும்போது அவர் சொன்னதை அப்படியே இங்கே எழுதச் சொன்னார், எழுதியிருக்கிறோம்:

"அங்க பேர கூப்புடறப்போ நான் இல்லன்னா, இங்க நின்னு அந்தம்மாவ இன்னான்னு பாராட்டறது?"

பணிவன்புடன்,
ஓடைமேட்டுக்குப்பம் ஊரார்,

அவர்களுக்காக வாசித்தளிப்பவர் குப்பம்மா.
பொன்னேரி.